ஆறு குண்டுத் துப்பாக்கி கண்ட சாமுவேல் கோல்ட்

ஒரு கைத்துப்பாக்கி. அதில் ஒரே குண்டு. சுட்டால் தீர்ந்தது.

மறுபடியும் சுட வேண்டுமா? குழலில் மருந்து கொட்ட வேண்டும். ஈயக் குண்டைப் போட வேண்டும். கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அதற்குள் எதிரி பாய்ந்து வந்து விடுவான்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு வரை உலகம் எங்கும் இதுதான் நிலைமை. இதை மாற்றியவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் சாமுவேல் கோல்ட்.

அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. துப்பாக்கித் தொழிலில் பிறந்தவரும் அல்ல. அவர் செய்த முதல் கைத்துப்பாக்கி வெடித்துச் சிதறியது. முதல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனாலும் அவர் சாகும்போது அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக இருந்தார்.

குறும்புக்காரச் சிறுவன்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்போர்டு என்று ஓர் ஊர். அங்கு 1814 ஜூலை 19-ந் தேதி கோல்ட் பிறந்தார். தந்தை கிறிஸ்டோபர் கோல்ட், வியாபாரி. தாய் சாரா. சிறு வயதிலேயே கோல்ட் தாயை இழந்தார்.

11 வயதில் ஒரு பண்ணையில் வேலைக்கு அனுப்பப்பட்டார். அங்கு அறிவியல் செய்திகள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. வேலை முடிந்ததும் சிறுவன் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து விடுவான். வெடிமருந்து, மின்சாரம் இரண்டும் அவன் மனதைக் கவர்ந்தன.

பிறகு, தந்தை நடத்திய துணி ஆலையில் சேர்ந்தான். 1829 ஜூலை 4-ந் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, ஊர்க் குளத்தில் ஒரு தெப்பத்தை மின்சாரத்தால் வெடித்துக் காட்டப் போவதாக அறிவித்தான். ஊரே திரண்டு வந்தது. வெடி வெடித்தது. ஆனால் தெப்பம் சிதறவில்லை. குளத்துத் தண்ணீரும் சேறும் எழும்பி, வேடிக்கை பார்க்க வந்தவர்களை நனைத்து விட்டன!

ஆத்திரம் கொண்ட கூட்டம் சிறுவனை அடிக்கப் பாய்ந்தது. எலிஷா ரூட் என்ற இளம் மெக்கானிக் குறுக்கே நின்று அவனைக் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவர் மறுபடியும் வருவார்.

கல்கத்தா கப்பல்

பள்ளிக்கூடத்திலும் கோல்ட் வெடி வைத்து விளையாடினான். தீப்பிடித்தது. படிப்பு அத்துடன் நின்றது.

இவனைக் கடலுக்கு அனுப்புவதே நல்லது என்று தந்தை முடிவு செய்தார். 1830-ம் ஆண்டு, 16 வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் கோல்ட் கப்பல் ஏறினான். கப்பலின் பெயர் கோர்வோ. அது போய்ச் சேர்ந்த இடம் நமது நாட்டின் கல்கத்தா நகரம்.

பல மாதப் பயணம். கப்பலைத் திருப்பும் சக்கரத்தை கோல்ட் உற்றுக் கவனித்தான். சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றினாலும், அதன் ஆரங்களில் ஏதாவது ஒன்று பிடிப்புக்கு நேராக வந்து நின்றது. அந்த இடத்தில் அதை அசையாமல் பூட்ட முடிந்தது.

துப்பாக்கியிலும் இப்படிச் செய்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு துண்டு மரத்தை எடுத்துச் செதுக்கினான். துளைகள் உள்ள ஓர் உருளையைச் செய்தான். அதுவே பின்னால் உலகப் புகழ் பெற்ற ரிவால்வரின் முதல் உருவம்.

சுழலும் துப்பாக்கி அதற்கு முன்பே இல்லையா? இருந்தது. எலிஷா காலியர் என்ற அமெரிக்கர் 1818-ல் இங்கிலாந்தில் அதற்கு உரிமை வாங்கியிருந்தார். ஆனால் அதன் உருளையைக் கையால் திருப்ப வேண்டும்.

கோல்ட் செய்த புதுமை என்ன? துப்பாக்கியின் பின்புறம் சுத்தியல் போல ஓர் உறுப்பு உண்டு. இதைக் குதிரை என்பார்கள். கட்டை விரலால் குதிரையைப் பின்னால் இழுத்தால், உருளை தானாகவே ஒரு துளை அளவு சுழலும். குழலுக்கு நேராக வந்ததும் பூட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து அடிக்கும். குண்டு பறக்கும். ஒவ்வொரு முறையும் குதிரையை இழுத்தால்தான் சுட முடியும். இதற்கு ‘சிங்கிள் ஆக்ஷன்’ என்று பெயர்.

வெடித்துச் சிதறியது

ஊர் திரும்பிய கோல்ட், தந்தையிடம் பணம் வாங்கி, கைத்துப்பாக்கி ஒன்றும் நீளத் துப்பாக்கி ஒன்றும் செய்வித்தார். நீளத் துப்பாக்கி நன்றாகச் சுட்டது. கைத்துப்பாக்கியோ சுட்டதும் வெடித்துச் சிதறியது!

மேலும் பணம் தர தந்தை மறுத்து விட்டார்.

கோல்ட் சோர்ந்து போகவில்லை. சிரிப்பு வாயு என்று ஒரு வாயு உண்டு. அதைச் சுவாசித்தால் போதை ஏறும். காரணம் இல்லாமல் சிரிப்பு வரும். அதை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கோல்ட் ஊர் ஊராகப் போனார். காசு வாங்கிக்கொண்டு வித்தை காட்டினார். நியூயார்க், லண்டன், கல்கத்தா நகரங்களின் புகழ் பெற்ற டாக்டர் என்று தம்மைத் தாமே விளம்பரம் செய்தார். அப்போது அவருக்கு 20 வயது கூட நிரம்பவில்லை!

இப்படிச் சேர்த்த பணத்தை எல்லாம் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த ஜான் பியர்சன் என்ற துப்பாக்கித் தொழிலாளிக்குக் கொடுத்தார். பியர்சன் ஒன்றன் பின் ஒன்றாக மாதிரிகளைச் செய்தார். துப்பாக்கி உருப்பெற்றது. கோல்ட் 1835-ல் இங்கிலாந்திலும், 1836 பிப்ரவரி 25-ந் தேதி அமெரிக்காவிலும் உரிமை பெற்றார். அதே ஆண்டு நியூ ஜெர்சியில் உள்ள பேட்டர்சன் நகரில் தொழிற்சாலை தொடங்கியது.

பட்டாளம் மறுத்தது

தொழில் நடக்க வேண்டுமானால் பட்டாளம் வாங்க வேண்டும். 1837-ல் வெஸ்ட் பாயிண்ட் என்ற இடத்தில் அமெரிக்க ராணுவ அதிகாரிகள் கோல்ட்டின் துப்பாக்கியைச் சோதித்தார்கள். உறுப்புகள் அதிகம், ஆபத்தும் உண்டு என்று தள்ளி விட்டார்கள்.

அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. அக்காலத்தில் இன்று உள்ளது போன்ற தோட்டா கிடையாது. உருளையின் ஒவ்வொரு துளையிலும் மருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்துவார்கள். பின்புறம் சிறு செம்பு மூடி ஒன்று இருக்கும். தீபாவளிக்குப் பிள்ளைகள் அடிக்கும் பொட்டு வெடி போல, குதிரை அடித்ததும் அது பொரியும். அந்தப் பொறி உள்ளே சென்று மருந்தைப் பற்ற வைக்கும்.

ஒரு துளையில் பற்றிய தீ பக்கத்துத் துளைகளுக்கும் தாவினால்? எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். பிடித்திருப்பவர் கை போய் விடும். இதைத் தடுக்க, குண்டின் மேல் கொழுப்பைப் பூசி அடைக்கும் வழக்கம் வந்தது.

கோல்ட் புளோரிடாவில் நடந்த சண்டைக்கே நேரில் போய் 1838-ல் சில துப்பாக்கிகளை விற்றார். அப்போது தனி நாடாக இருந்த டெக்சாஸ், தன் கப்பற்படைக்கு 1839-ல் 180 கைத்துப்பாக்கிகளை வாங்கியது. இந்த வியாபாரம் போதவில்லை. 1842-ல் பேட்டர்சன் தொழிற்சாலை மூடப்பட்டது.

அதே காலத்தில் குடும்பத்திலும் இடி விழுந்தது. அவருடைய சகோதரர் ஜான், கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றார். 1842 நவம்பரில், தூக்கிலிட வேண்டிய நாளில், சிறையில் கத்திக் குத்துடன் பிணமாகக் கிடந்தார். வழக்குக்காக கோல்ட் எவ்வளவோ அலைந்தும் பலன் இல்லை.

துப்பாக்கி போனாலும் வெடியை அவர் விடவில்லை. தண்ணீருக்குள் வைத்த வெடியை மின்சாரத்தால் வெடித்து, கப்பல்களைத் தகர்த்துக் காட்டினார். தந்தி கண்ட மோர்சுடன் பழகி, தண்ணீர் புகாத தந்திக் கம்பி செய்தார். அரசாங்கம் அவருடைய நீர் வெடியை வாங்கவில்லை.

வாக்கர் வந்தார்

இதற்குள் டெக்சாசில் ஒரு சம்பவம் நடந்தது. 1844 ஜூனில், ஜாக் ஹேஸ் என்ற தலைவரின் கீழ் சுமார் 15 குதிரை வீரர்கள், தங்களைவிடப் பல மடங்கு அதிகமான கோமாஞ்சி இனத்தாரைச் சண்டையில் வென்றார்கள். அவர்கள் கையில் இருந்தவை கோல்ட்டின் பழைய ஐந்து குண்டுத் துப்பாக்கிகள்.

ஒரு குண்டு சுட்டதும் எதிரி மறுபடி கெட்டிக்க வேண்டும். அதற்குள் பாய்ந்து விடலாம் என்பது கோமாஞ்சிகளின் போர்முறை. அது அன்று பலிக்கவில்லை. தங்கள் சொந்த மண்ணுக்காகப் போராடிய அந்த மக்களுக்கு இந்தத் துப்பாக்கி எமனாக வந்தது. கோல்ட்டின் வாழ்வு மலர்ந்த இடம், அவர்களுடைய வாழ்வு சரிந்த இடமாக ஆயிற்று.

அந்தச் சண்டையில் இருந்தவர்களில் ஒருவர் சாமுவேல் வாக்கர். 1846-ல் மெக்சிகோவுடன் போர் மூண்டது. வாக்கர் ராணுவத்தில் கேப்டன் ஆனார். கோல்ட்டைச் சந்தித்தார். ஐந்து குண்டு போதாது, ஆறு வேண்டும். எடையும் பலமும் கூட வேண்டும் என்று யோசனை கூறினார். 1847 ஜனவரியில் 1,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கிடைத்தது.

கோல்ட்டிடம் அப்போது தொழிற்சாலையே இல்லை! எலி விட்னி ஜூனியர் என்பவரின் தொழிற்சாலையில் செய்வித்துக் கொடுத்தார்.

அதிக மருந்து, அதிக ஆபத்து

‘வாக்கர்’ துப்பாக்கி ஒரு ராட்சதன். எடை 2 கிலோவுக்கும் மேல். ஒவ்வொரு துளையிலும் சுமார் 4 கிராம் மருந்து கொள்ளும். அதுவரை எந்தக் கைத்துப்பாக்கியிலும் காணாத வேகம்.

ஆனால் பழைய சங்கடம் புது வடிவில் வந்தது. பல துப்பாக்கிகளின் உருளைகள் வெடித்தன. காரணம் என்ன? அக்கால இரும்பு அத்தனை மருந்தைத் தாங்கும் அளவு தரமானது அல்ல. வீரர்களும் துளை நிறைய மருந்தைக் கொட்டினார்கள். கூர்முனைக் குண்டுகளைச் சிலர் தலைகீழாக வைத்து அழுத்தினார்கள்.

யோசனை கொடுத்த வாக்கரும் 1847 அக்டோபரில் மெக்சிகோப் போரில் மாண்டார். தமக்கென வந்த புதுத் துப்பாக்கிகளை அவர் பெற்றது அதற்குச் சற்று முன்புதான்.

இந்த முறை கோல்ட் துப்பாக்கியைத் திருத்தும் வழி அறிந்திருந்தார். உருளையின் துளை ஆழத்தைக் குறைத்தார். 4 கிராம் கொண்ட இடத்தில் சுமார் 3 கிராம்தான் கொள்ளும். வேண்டுமென்றாலும் அதிக மருந்தைப் போட முடியாது! குழலின் நீளமும் 9 அங்குலத்தில் இருந்து ஏழரை அங்குலமாகக் குறைந்தது. 1848-ல் வந்த இந்தத் துப்பாக்கிக்கு ‘டிரகூன்’ என்று பெயர். அது நிலைத்து நின்றது.

துப்பாக்கியும் மருந்தும் கணவன் மனைவி போல. ஒன்றுக்கு ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வீடு இரண்டுபடும்.

நீலக் கோபுரம்

பிறந்த ஊரான ஹார்ட்போர்டில் கோல்ட் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1849-ல் அங்கு மேற்பார்வையாளராக வந்தவர் யார் தெரியுமா? குளக்கரையில் காப்பாற்றிய அதே எலிஷா ரூட்! அவர் இயந்திரங்களை அமைப்பதில் மேதை. ஒவ்வொரு உறுப்பையும் இயந்திரமே செய்தது. ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தியது.

1851-ல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் கோல்ட்டின் துப்பாக்கிகளைப் பார்க்கக் கூட்டம் கூடியது. 1853-ல் லண்டனிலும் ஒரு தொழிற்சாலை வைத்தார். அது 1856 வரை நடந்தது. 1851-ம் ஆண்டு மாடல் ‘நேவி’ துப்பாக்கி 2 லட்சத்துக்கு மேல் விற்றது.

ஹார்ட்போர்டில் ஆற்று வெள்ளம் புகும் தாழ்ந்த நிலத்தை வாங்கி, கரை கட்டினார். 1855-ல் அங்கு மாபெரும் தொழிற்சாலை எழுந்தது. அதன் உச்சியில் நீல நிறக் கோபுரம். தொழிலாளர்களுக்கு வீடுகளும் மண்டபமும் கட்டினார். தோட்டா தயாரிக்கவும் தனிக்கூடம் வைத்தார். மெல்லிய உலோகத் தகட்டில் மருந்தையும் குண்டையும் அளவாகச் சுற்றிய தோட்டாக்கள் வந்தன. இதனால் மருந்தைக் கையால் அளந்து கொட்டும் தவறு குறைந்தது.

1856 ஜூனில் எலிசபெத் ஜார்விஸ் என்ற பெண்ணை மணந்தார். பணம் குவிந்தது. மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் சித்திரவேலை செய்த துப்பாக்கிகளைப் பரிசளித்து வியாபாரம் பிடித்தார். அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் பகைத்து நின்றபோது இரு தரப்புக்கும் விற்றார். 1861 ஏப்ரலில் போர் மூண்ட பிறகே தெற்குக்கு அனுப்புவது நின்றது. இதற்காக அவரைக் கண்டித்தவர்கள் பலர்.

பெரும் செல்வம் இருந்தும் உடல்நலம் இல்லை. முடக்குவாதம் வாட்டியது. 1862 ஜனவரி 10-ந் தேதி கோல்ட் காலமானார். அவருக்கு வயது 47. விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு சுமார் ஒன்றரைக் கோடி டாலர்.

கைம்பெண் காத்த தொழில்

பிறந்த குழந்தைகளில் கால்டுவெல் என்ற மகன் மட்டுமே வளர்ந்து ஆளானான். எலிசபெத் மனம் தளரவில்லை. 1864 பிப்ரவரியில் தொழிற்சாலை தீக்கு இரையானது. அந்த அம்மையார் அதை மறுபடியும் கட்டி எழுப்பினார். 1901 வரை அந்தக் கம்பெனி அவர் குடும்பத்தின் கையில் இருந்தது.

ஆனால் ஒரு தடை நின்றது. மருந்து, குண்டு, பொறி எல்லாம் ஒரே உலோகக் கூட்டில் அடங்கிய தோட்டா வந்து விட்டது. அதைப் பின்புறமாக நுழைக்க, உருளை இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும். அந்த உரிமை ரோலின் ஒயிட் என்பவருக்கு 1855-லேயே கிடைத்து விட்டது. அவர் ஒரு காலத்தில் கோல்ட் கம்பெனியில் ஒப்பந்த வேலை செய்தவர்! ஸ்மித்-வெஸ்ஸன் கம்பெனி அதை அவரிடம் பெற்றுக்கொண்டது. 1869 வரை மற்றவர்கள் அதைத் தொட முடியாது.

கோல்ட் கம்பெனியைச் சேர்ந்த தூயர் என்பவர் 1868-ல் ஒரு மாற்று வழி கண்டார். பழைய துப்பாக்கியிலேயே வேறு உருளையையும் வளையத்தையும் பொருத்தினால், முன்புறமாகத் தோட்டாவைச் செலுத்திச் சுடலாம். அவற்றைக் கழற்றி விட்டு, பழைய உருளையை மாட்டினால் பழையபடி மருந்து கெட்டித்துச் சுடலாம். ஒரே துப்பாக்கி, இரண்டு விதத் தீனி! யோசனை நல்லது, ஆனால் அதிகம் விலை போகவில்லை.

உரிமைக் காலம் முடிந்ததும் கதவு திறந்தது. 1872-ல் ராணுவம் கோல்ட் கம்பெனியின் புதுத் துப்பாக்கியைச் சோதித்தது. 1873-ல் ஏற்றுக்கொண்டு 8,000 வாங்கியது. அதுதான் ‘பீஸ்மேக்கர்’ என்று பெயர் பெற்ற ஆறு குண்டுத் துப்பாக்கி. கௌபாய் சினிமாவில் கதாநாயகன் இடுப்பில் தொங்குவது இதுவே. நீளத் துப்பாக்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா போதும் என்ற வசதியுள்ள மாடல் 1878-ல் வந்தது.

இன்றும் அதே சோதனை

தூயர் நினைத்த இரட்டை உருளை முறை வீணாகவில்லை. 1960-களில் இருந்து அமெரிக்காவில் பல சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர்களை இரண்டு உருளைகளுடன் விற்கிறார்கள். குழல் ஒன்றுதான். ஓர் உருளையில் ஒரு வகைத் தோட்டா. அதைக் கழற்றி மற்றொன்றை மாட்டினால் வேறு வகைத் தோட்டா.

ஒரே குழலில் இரண்டு வகையும் சரியாகச் சுடுமா? இதற்காகத்தான் புதுத் துப்பாக்கி வாங்கியவர்கள் தோட்டாக்களைச் சோதிக்கிறார்கள். துப்பாக்கியை மணல் மூட்டை மேல் அசையாமல் வைத்து, 25 கஜ தூரத்தில் உள்ள அட்டையில் ஐந்தாறு குண்டுகளைச் சுடுவார்கள். ஓட்டைகள் நெருங்கி விழுந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்குப் பொருத்தம். சிதறி விழுந்தால் பொருத்தம் இல்லை.

வித்தியாசம் மிக நுட்பமானது. ‘357’ ரகக் குண்டின் குறுக்களவு சுமார் 9.07 மில்லி மீட்டர். 9 மில்லி மீட்டர் ரகக் குண்டின் குறுக்களவு 9.02. தலைமுடி அளவு கூட வேறுபாடு இல்லை! ஆனாலும் குண்டு குழலைப் பிடிக்கும் பிடி மாறும். எடை மாறும். மருந்தின் வேகம் மாறும். குறி விழும் இடமும் மாறும்.

எந்த உருளைக்கு எந்தத் தோட்டாவோ அதைத்தான் போட வேண்டும். குழலிலும் உருளையிலும் பொறித்துள்ள எழுத்தைப் படிக்காமல் சுடக் கூடாது. சுட்ட தோட்டாக் கூடு எளிதில் வெளியே வருகிறதா, அதில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு வேண்டும். முதல் துப்பாக்கி வெடித்தபோது கோல்ட் கற்ற பாடத்தையே இன்றும் படிக்கிறார்கள்.

நீலக் கோபுரம் இப்போதும் ஹார்ட்போர்டில் நிற்கிறது. அந்தப் பகுதியை வரலாற்றுப் பூங்காவாக்க 2014-ல் அமெரிக்க அரசாங்கம் சட்டம் செய்தது.

தம் பெயரை உலகம் எங்கும் பரப்பிய ‘பீஸ்மேக்கர்’ துப்பாக்கியை சாமுவேல் கோல்ட் கண்ணால் பார்க்கவில்லை. அது வெளிவந்தபோது அவர் இறந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.